முழங்காலுக்குக் கீழே...

எலும்பு, நாண், நரம்பு, ரத்தக்குழாய் எல்லாமே விரலுக்கு எட்டும் ஆழத்தில். அதுதான் இந்த இடத்தின் வசதி; அதுதான் அதன் ஆபத்து!

உட்கார்ந்த இடத்திலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, காலின் உள்பக்கத்தில் விரலை வையுங்கள். அப்படியே கணுக்கால் வரை தடவிக்கொண்டே இறங்குங்கள். வழிநெடுக எலும்புதான் தட்டுப்படும். விரலுக்கும் எலும்புக்கும் நடுவே தோலும், அதன் அடியில் மெல்லிய கொழுப்பும் தவிர எதுவும் இல்லை. தொடையில் இப்படி எலும்பைத் தேட முடியாது, அங்கே சதை மூடியிருக்கிறது. உடல் எடையைச் சுமக்கும் நீண்ட எலும்புகளில், மேலிருந்து கீழ்வரை இப்படிக் காப்பில்லாமல் நிற்பது இது ஒன்றுதான்.

இன்னும் கீழே, புறங்காலுக்கு வாருங்கள். கட்டைவிரலை மேலே தூக்கினால் விரலின் அடியிலிருந்து கணுக்கால் வரை ஒரு நாண் விறைத்து எழும்பும். அதன் வெளிப்பக்கத்தில் விரலை மெல்ல வைத்தால் ஒரு நாடி துடிக்கும். சற்று நேரம் நின்றால் நீல நிறத்தில் சிரைகள் வளைந்து தெரியும். கத்தி எடுக்காமலேயே உடற்கூறு படிக்க வேண்டுமானால் இதைவிட நல்ல இடம் உடம்பில் அதிகம் இல்லை.

ஆனால், மருத்துவரின் விரலுக்கு எட்டுவது கல்லுக்கும் முள்ளுக்கும் பைக்கின் பம்பருக்கும் எட்டத்தானே செய்யும்? முழங்காலுக்குக் கீழே வரும் பெரும்பாலான பிரச்னைகளுக்கு மூலம் இந்தக் காப்பின்மைதான். அவற்றைச் சீக்கிரமே கண்டுபிடிக்க முடிவதற்கும் காரணம் அதேதான்.

2 எலும்பு, 4 அறை

முழங்காலிலிருந்து கணுக்கால் வரை 2 எலும்புகள். உள்பக்கம் பருத்திருப்பது டிபியா. தொடையெலும்புக்கு அடுத்தபடியாக உடலிலேயே நீளமான எலும்பு. முழங்காலில் இறங்கும் எடையை வாங்கிப் பாதத்திடம் சேர்ப்பது இதன் பொறுப்பு. வெளிப்பக்கத்தில் மெலிந்து நிற்பது ஃபிபுலா. சுமை தூக்குவதில் இதற்குச் சிறு பங்குதான். ஆனாலும் கீழே வந்ததும் இது முக்கியமாகிவிடுகிறது. கணுக்காலின் வெளிப்பக்கக் குமிழ் ஃபிபுலாவின் முனை. உள்பக்கக் குமிழ் டிபியாவின் முனை. இரண்டும் இருபுறமும் கவ்விக்கொள்ள, நடுவே பாதத்தின் முதல் எலும்பான தாலஸ் அசைகிறது. வெளிக் குமிழ் உள் குமிழைவிடத் தாழ்ந்திருக்கும். கண்ணாடி முன் நின்று பார்த்தால் தெரியும்.

எலும்புகளைச் சுற்றியுள்ள தசைகள் 4 அறைகளில் அடைபட்டிருக்கின்றன. முன் அறையில் இருப்பவை பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்குகின்றன. வெளி அறையில் இருப்பவை பாதத்தை வெளிப்புறம் திருப்புகின்றன. பின்னால் 2 அறைகள். மேலோட்டமாக இருப்பதில் ஆடுசதை. ஆழத்தில் இருப்பதில் விரல்களை மடக்குகிற, பாதத்தின் வளைவைத் தாங்குகிற தசைகள். அறைச் சுவர்கள் நார்த்திசுவால் ஆனவை. துணிபோல் மெல்லியவைதான், ஆனால் இழுத்தால் நீளாதவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சதைப்பற்று முழுக்கக் காலின் மேல்பாதியிலேயே முடிந்துவிடுகிறது. கணுக்காலை நெருங்கும்போது தசைகள் நாண்களாகச் சுருங்கி, அந்த நாண்கள் மட்டும் பாதத்துக்குள் இறங்குகின்றன. காரணம் எளிது. நடக்கும்போது முன்னும் பின்னும் வீசப்படுகிற உறுப்பின் நுனியில் கனம் இருந்தால், ஒவ்வோர் அடிக்கும் கூடுதல் சக்தி செலவாகும். எனவே விசை மேலே, வேலை கீழே.

கணுக்காலின் முன்பக்கம் கொலுசு கிடக்கும் இடத்துக்கு அருகே, குறுக்காக நார்ப்பட்டைகள் ஓடுகின்றன. நாண்களை எலும்போடு சேர்த்து அமுக்கிப் பிடித்திருப்பவை இவைதாம். இவை இல்லையென்றால், பாதத்தைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் நாண்கள் வில்லின் நாண்போலத் தோலை முட்டிக்கொண்டு எழும்பிவிடும்.

பைக் விபத்தும் கோவை மதிப்பெண்ணும்

இருட்டில் கட்டில் காலில் முன்னங்காலை இடித்துக்கொண்டவர்களுக்கு அந்த வலி தெரியும். எலும்பைப் போர்த்தியிருக்கும் மேலுறையில் வலி நரம்புகள் ஏராளம். அதன்மேல் மெத்தை கிடையாது. கட்டில் காலே இந்தப் பாடு படுத்தினால், 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி மோதினால் என்ன ஆகும்?

இரு சக்கர வாகன விபத்துகளில் முன்னங்கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது எலும்பு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் காட்சி. நீண்ட எலும்புகளில் இப்படித் திறந்த முறிவு அதிகம் ஏற்படுவது டிபியாவில்தான். முறிந்த பின்னும் சிக்கல் தொடர்கிறது. எலும்பு கூடுவதற்கு ரத்தம் வேண்டும். டிபியாவுக்கு உள்ளிருந்து ஊட்டம் தரும் தமனி மேல்பகுதியில் நுழைந்து கீழே இறங்குகிறது. கீழ்ப்பகுதியில் முறிந்தால் அந்தப் பாதை அறுந்துபோகும். வெளியிலிருந்து ரத்தம் கொடுக்க அங்கே சுற்றிலும் சதையும் இல்லை, நாண்கள்தான். கீழ் மூன்றில் ஒரு பங்கில் ஏற்படும் முறிவு மாதக்கணக்கில் இழுத்தடிப்பது இதனால்தான்.

நொறுங்கிய காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிடலாமா? விபத்துப் பிரிவில் மிகக் கடினமான கேள்வி இது. காப்பாற்ற முயன்று பல அறுவை சிகிச்சைகளுக்குப் பின் காலை எடுப்பது நோயாளியையும் குடும்பத்தையும் நிலைகுலைத்துவிடும். அவசரப்பட்டு எடுப்பதோ அதைவிடக் கொடுமை. இந்தக் கேள்விக்குக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கியது. டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழுவினர் 2006-ல் அதைச் சர்வதேச எலும்பு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். தோல், எலும்பு, தசை–நாண்–நரம்பு என்று மூன்றுக்கும் காயத்தின் அளவைப் பொறுத்து 1 முதல் 5 வரை மதிப்பெண். சர்க்கரைநோய், அதிர்ச்சிநிலை, காலதாமதம் போன்ற பாதகங்களுக்குத் தலா 2. மொத்தம் 29. 14-க்குள் வந்தால் காலைக் காப்பாற்றலாம். 17-ம் அதற்கு மேலும் வந்தால் எடுப்பதே நல்லது. 15-ம் 16-ம் மருத்துவரின் அனுபவத்துக்கு விடப்பட்டவை. முன்பிருந்த மேலைநாட்டு அளவுகோல்கள் ரத்தக்குழாய் அறுந்திருக்கிறதா என்பதற்கே அதிக எடை கொடுத்தன. ரத்த ஓட்டம் இருந்தும் தோலும் எலும்பும் சிதைந்துபோன கால்களை அவற்றால் சரியாக எடைபோட முடியவில்லை. நம் சாலைகளில் அடிபட்டு வந்த கால்களைப் பார்த்துப் பிறந்தது கோவையின் கணக்கு.

காப்பில்லாத இதே எலும்பு உயிரைக் காப்பாற்றவும் உதவுகிறது. நீரிழப்பில் துவண்டுபோன குழந்தைக்குக் கையில் சிரை கிடைக்காதபோது, முழங்காலுக்குச் சற்றுக் கீழே டிபியாவுக்குள்ளேயே ஊசியை இறக்கி, எலும்பு மஜ்ஜை வழியாகத் திரவமும் மருந்தும் ஏற்றுவார்கள். தோலைத் தாண்டினால் எலும்பு என்பதால் சில விநாடி வேலை. உடம்பில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க மருத்துவர் முன்னங்காலைக் கட்டைவிரலால் அழுத்துவதும் இங்கேதான். பின்னால் எலும்பு இருப்பதால் குழி விழுந்தால் உடனே தெரியும். இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றின் கோளாறும் அந்தக் குழியில் தலைகாட்டலாம். காலையில் தளர்ந்திருந்த கொலுசு மாலையில் இறுகுகிறது என்றால், அதுவும் ஒரு தகவல்தான்.

நீளாத சுவர்

அறைச் சுவர்கள் நீளாதவை என்று பார்த்தோம். எலும்பு முறிந்தோ, கால் நசுங்கியோ அறைக்குள் ரத்தமும் வீக்கமும் சேர்ந்தால், விரிய இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறும். முதலில் நுண் ரத்தக்குழாய்கள் அடைபடும். தசையும் நரம்பும் மூச்சுத் திணறத் தொடங்கும். 6 மணி நேரம் தாண்டினால் சேதம் நிரந்தரமாகிவிடலாம்.

இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. புறங்கால் நாடி அப்போதும் துடித்துக்கொண்டிருக்கும். பெரிய தமனியை அடைக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறுவதற்கு முன்பே தசை செத்துவிடும் என்பதால், 'நாடி இருக்கிறதே' என்று நிம்மதி கொள்ள முடியாது. நம்ப வேண்டியது வலியை. அடிக்குப் பொருந்தாத அளவு கடுமையான வலி, மருந்துக்கும் அடங்காத வலி, விரலை மடக்கினாலோ நீட்டினாலோ உயிர்போகிற வலி. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட தோலில் மரத்துப்போவது இன்னோர் அடையாளம். முன் அறை வழியாக வரும் நரம்பு தோலில் உணர்வு கொடுப்பது அந்தச் சிறு இடத்துக்கு மட்டும்தான்.

மாவுக்கட்டோ, மூங்கில் பத்தை வைத்த நாட்டுக்கட்டோ, எதுவாக இருந்தாலும் கட்டிய பிறகு வலி கூடிக்கொண்டே போனால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கட்டைப் பிரித்தாக வேண்டும். அப்போதும் அடங்காவிட்டால், அறுவை சிகிச்சையில் அறைச் சுவர்களை நீளமாகக் கீறித் திறந்துவிடுவார்கள். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் காலைக் காப்பது அதுதான்.

நரம்பு வளையும் இடம்

முழங்காலின் வெளிப்பக்கம், சில்லுக்குக் கீழே ஒரு சிறு குமிழ் தட்டுப்படும். ஃபிபுலாவின் தலை அது. அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு பெரோனியல் நரம்பு முன்னால் வருகிறது. பாதத்தைத் தூக்கும் தசைகளுக்கெல்லாம் ஆணை கொண்டுசெல்வது இதுதான். ஒரு பக்கம் எலும்பு, மறுபக்கம் தோல், நடுவே நரம்பு.

நெடுநேரம் கால் மேல் கால் போட்டு உட்காருவது, குந்தியபடியே மணிக்கணக்கில் வயல்வேலை செய்வது, இறுகிய மாவுக்கட்டு, நோயில் உடல் சட்டென்று மெலிந்து நரம்பைச் சுற்றியிருந்த கொழுப்பு கரைவது என்று எதுவும் இதை நசுக்கிவிடலாம். விளைவு, பாதம் தொங்கிப்போகும். நடக்கும்போது விரல் தரையில் இடறாமலிருக்க முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைத் தொப்பென்று போடுவார்கள். அழுத்தத்தால் வந்தது பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும்.

தொழுநோயில் கதை வேறு. அந்தக் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த இடங்கள் பிடிக்கும். தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள் மற்றவற்றைவிடக் குளிர்ந்தவை. எனவே முழங்கையின் அல்நார் நரம்பு, முழங்காலின் பெரோனியல் நரம்பு, கணுக்காலின் உள்பக்க நரம்பு ஆகியவற்றையே அது தேடிப் பிடிக்கிறது. காப்பில்லாமல் இருப்பதற்கு இந்த நரம்புகள் கொடுக்கும் விலை இது.

தொழுநோய் மருத்துவ வரலாற்றில் தமிழகத்துக்குப் பெரிய இடம் உண்டு. கொல்லிமலையில் மிஷனரி குடும்பத்தில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட், அறுவை மருத்துவராகி 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதாக மருத்துவ உலகமே நம்பிய காலம் அது. வலி தெரியாததால் நோயாளிகள் தங்களையே காயப்படுத்திக்கொள்கிறார்கள், அந்தக் காயங்கள்தாம் விரல்களைத் தின்கின்றன என்று அவர் காட்டினார். செயலிழந்த தசைக்குப் பதில் உயிருள்ள தசையின் நாணை இடம்மாற்றிக் கட்டும் அறுவை சிகிச்சைகளைக் கைக்கும் காலுக்கும் செய்தார்.

செங்கல்பட்டு மத்திய தொழுநோய் ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றிய டாக்டர் எச்.சீனிவாசன், சக மருத்துவர்களோடு 1968-ல் வெளியிட்ட முறை தொங்கிய பாதத்துக்கானது. காலின் பின்புற ஆழ அறையில் உள்ள ஒரு தசைக்கு வேறு நரம்பு, அது பிழைத்திருக்கும். பாதத்தைக் கீழே அமுக்கிக்கொண்டிருந்த அந்தத் தசையின் நாணை அறுத்து, முன்பக்கம் கொண்டுவந்து, இரண்டு வாலாகப் பிளந்து, ஒன்றைக் கட்டைவிரலைத் தூக்கும் நாணோடும் மற்றதை மற்ற விரல்களின் நாண்களோடும் தைத்துவிட்டார்கள். கீழே இழுத்த தசை இப்போது மேலே தூக்க வேண்டும். மூளைக்கு இந்தப் புது வேலையைப் பழக்க வாரக்கணக்கில் பயிற்சி கொடுப்பார்கள். தரையில் இழுபட்ட பாதம் மீண்டும் குதிகால் ஊன்றி நடக்கும்.

புறங்காலின் நாடி

பாதத்தில் 26 எலும்புகள். மேல்பக்கம் அவற்றை மூடியிருப்பது மெல்லிய தோல், நாண்கள், சிரை வலை, ஒரு தமனி. தசை என்று பார்த்தால் வெளிப்பக்கத்தில், கணுக்காலுக்குச் சற்று முன்னால் ஒரு சிறு திரள் மட்டும். விரலைத் தூக்கினால் அது மெத்தென்று புடைக்கும். கால் பிசகியவர்கள் அதைத் தொட்டுப் பார்த்து 'வீங்கிவிட்டது' என்று பதறுவதுண்டு. மற்றக் காலையும் தொட்டுப் பார்த்தால் பயம் தெளியும்.

பிசகியதற்கும் முறிந்ததற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் ஒரு விதி வகுத்தார்கள். கணுக்கால் குமிழ்களின் பின்விளிம்பிலோ நுனியிலோ எலும்பை அமுக்கினால் வலிக்கிறதா? சுண்டுவிரலுக்குப் போகும் எலும்பின் அடியில், அதாவது பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே முட்டி நிற்கும் முனையில் வலிக்கிறதா? உள்வளைவின் உச்சியில் உள்ள எலும்பில் வலிக்கிறதா? 4 அடி எடுத்துவைத்து நடக்க முடிகிறதா? வலி எதிலும் இல்லாமல், நடக்கவும் முடிந்தால் எக்ஸ்ரே பெரும்பாலும் தேவையில்லை. இந்த விதியும் எலும்பு விரலுக்கு எட்டுவதால் சாத்தியமானதுதான். அந்தச் சுண்டுவிரல் எலும்பின் முறிவுக்கு ராபர்ட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் எலும்பு மருத்துவரின் பெயர் நிலைத்திருக்கிறது. நடனமாடும்போது தன் காலிலேயே ஏற்பட்டதை அவர் 1902-ல் எழுதி வைத்தார்.

நாடிக்கு வருவோம். கட்டைவிரல் நாணுக்கு வெளியே துடிப்பது முன்னங்கால் தமனியின் தொடர்ச்சி. உள்பக்கக் குமிழுக்கும் குதிகாலுக்கும் நடுவே துடிப்பது பின்னங்கால் தமனி. இதயத்திலிருந்து புறப்பட்ட ரத்தம் கடைக்கோடிவரை வந்து சேர்கிறதா என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி. 100 பேரில் சிலருக்குப் பிறவியிலேயே புறங்கால் நாடி கைக்குத் தட்டுப்படாது, அது நோயல்ல. ஆனால் நேற்றுவரை இருந்தது இன்று இல்லையென்றால், சிறிது தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால், தமனி சுருங்குகிறது என்று அர்த்தம். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு. பீடி, சிகரெட் பிடிக்கும் இளைஞர்களுக்கு விரல்கள் கறுத்துப்போகும் நோயை லியோ பர்கர் 1908-ல் விவரித்தார். நம் நாட்டில் அது இன்றும் இருக்கிறது. புகையை முற்றாக நிறுத்துவதுதான் அதற்கு முதல் மருந்து.

சர்க்கரைநோயாளிகளுக்கு இரட்டை ஆபத்து. ரத்த ஓட்டமும் குறைகிறது, உணர்வும் குறைகிறது. சென்னை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்தி 2023-ல் வெளிவந்த தேசிய ஆய்வு, இந்தியாவில் சர்க்கரைநோயாளிகள் 10.1 கோடி என்றது. செருப்பின் வார் புறங்காலை அறுத்ததும், விரலிடுக்கில் சேற்றுப்புண் ஆழமாவதும் அவர்களில் பலருக்கு ரத்தக்கறையைப் பார்த்த பிறகே தெரிகிறது. தொழுநோயில் பால் பிராண்ட் கண்ட அதே உண்மைதான். வலி போனால் காவல் போயிற்று.

நிற்பவர்களின் ஆடுசதை

காலின் பின்புறம் மட்டும் செழிப்பு. அங்கே இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்று. மேலே இருப்பது குதிக்கவும் ஓடவும். அடியில் இருக்கும் சோலியஸ் மணிக்கணக்கில் நிற்கவும் நடக்கவும். இரண்டும் சேர்ந்து உடலின் மிகத் தடித்த நாணாகக் குதிகாலில் முடிகின்றன. ஓடும்போது உடல் எடையைப்போல் பல மடங்கு விசையை அந்த நாண் தாங்குகிறது. அதுவும் அறுவதுண்டு. 'யாரோ பின்னாலிருந்து உதைத்தாற்போல் இருந்தது' என்பார்கள். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். குப்புறப் படுக்கவைத்து ஆடுசதையைப் பிசைந்தால் பாதம் அசைய வேண்டும். அசையாவிட்டால் நாண் அறுந்திருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகள் இந்த நாணைப் பலவீனப்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. அந்த மருந்து எடுக்கும்போது குதிகால் வலித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஆடுசதைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாதத்துக்கு வந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்ப மேல்நோக்கி ஏற வேண்டும். ஆழச் சிரைகளை இந்தத் தசை பிழிந்து அனுப்புகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அது கீழே திரும்பாமல் தடுக்கின்றன. அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். நடக்கத் தொடங்கியதும் 30-க்குக் கீழே இறங்கிவிடும். அப்படியென்றால் காலுக்குக் கெடுதல் நடப்பது அல்ல, நின்ற இடத்திலேயே நிற்பது.

ஜவுளிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றபடியே சேலை விரித்துக் காட்டிய பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோலடிச் சிரைகள் புடைத்துச் சுருண்டு, உள்கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, கடைசியில் ஆறாத புண்ணாகும் வெரிகோஸ் நோய் அவர்களுடைய வேலையோடு வந்தது. 2021-ல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. கேரளம் அதற்கு 3 ஆண்டு முன்பே இதைச் செய்திருந்தது. நாற்காலிக்காகச் சட்டமா என்று கேட்டவர்களுக்குச் சிரையின் வால்வு பதில் சொல்லும்.

உட்கார்ந்தே கிடப்பதும் ஆகாது. இரவு முழுக்கப் பேருந்தில் காலைத் தொங்கவிட்டுப் பயணிக்கும்போது சோலியஸுக்குள் ரத்தம் தேங்கி உறையலாம். ஒற்றைக் கால் மட்டும் வீங்கி, ஆடுசதை கனத்து வலித்தால் தைலம் தேய்த்து உருவக் கூடாது. உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைதான்.

கடன் கொடுக்கும் கால்

எட்டும் தூரத்தில் இருப்பதால் உடம்பின் மற்ற உறுப்புகளுக்கும் கால்தான் கடன் கொடுக்கிறது. உள்பக்கக் குமிழுக்கு முன்னால் தோலடியில் தொடங்கி தொடைவரை ஏறும் நீண்ட சிரையை எடுத்து இதயத் தமனியின் அடைப்பைச் சுற்றிப் புதுப்பாதை போடுவதை, அர்ஜென்டினாவில் பிறந்த ரெனே ஃபவலோரோ 1967-ல் அமெரிக்காவில் நிலைநிறுத்தினார். இந்தியாவில் முதல் பைபாஸ் 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நடந்தது. செய்தவர் டாக்டர் கே.எம்.செரியன்.

அதே 1975-ல் ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லர், ஃபிபுலாவை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து வேறிடத்தில் பொருத்தலாம் என்று காட்டினார். 1989-ல் நியூயார்க்கில் டேவிட் ஹிடால்கோ அதைக் கொண்டு தாடை எலும்பையே வடித்தார். புகையிலையால் வாய்ப்புற்று வந்து தாடையை இழந்தவர்களுக்கு இன்று நம் ஊர் மருத்துவமனைகளிலும் காலெலும்பு தாடையாகிறது. பல்கூட அதில் பொருத்தலாம். கணுக்கால் நிலைகுலையாதபடி கீழே சில சென்டிமீட்டர் மட்டும் விட்டுவைத்தால் நடை பெரிதாகக் கெடாது. சுமையில் சிறு பங்குதான் என்று முன்பு சொன்ன அந்த எலும்பின் பெரிய உபகாரம் இது.

மதுரையின் பெயரில் ஒரு நோய்

வெறுங்காலில் வயலில் இறங்குபவர்களுக்கு முள் குத்திய வழியாக ஒரு கிருமி நுழைகிறது. வலிக்காத ஒரு கட்டி மெல்ல வளர்ந்து, பாதம் பருத்து, பல வாய்களில் சீழோடு கறுப்பாகவோ வெள்ளையாகவோ குருணைகள் வெளிவரும். மதுரை மருந்தகத்திலிருந்து ஜான் கில் 1842-ல் இதைப் பதிவு செய்தார். 'மதுராக் கால்' என்ற பெயர் அப்படித்தான் உலகெங்கும் பரவியது. நோய்க்குக் காரணமான பூஞ்சைகளில் ஒன்றின் அறிவியல் பெயரிலேயே மதுரை இருக்கிறது: மதுரெல்லா.

இது பூஞ்சை நோய் என்று ஆராய்ந்து, மைசிட்டோமா என்று பெயரிட்டவர் பம்பாயில் பணியாற்றிய ஹென்றி வான்டைக் கார்ட்டர். உடற்கூறு மாணவர்களுக்கு அவர் வேறு வழியில் அறிமுகம். 1858-ல் வெளிவந்த 'கிரேஸ் அனாடமி'யின் படங்களை வரைந்தவர் அவர்தான். நலமான காலின் எலும்பையும் நாணையும் உலகத்துக்கு வரைந்து காட்டியவரே நம் விவசாயிகளின் சிதைந்த பாதங்களையும் ஆராய்ந்தார். உலக சுகாதார நிறுவனம் 2016-ல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மருந்து மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில். எலும்பைத் தொட்டுவிட்டால் பாதத்தையே இழக்க நேரும். வலிக்காத சிறு கட்டியாக இருக்கும்போதே வெட்டி எடுத்தால் பிழைத்தது கால்.

நீங்களே பார்க்கலாம்

• இரு புறங்கால் நாடிகளையும் ஆள்காட்டி, நடுவிரல்களால் தொட்டு ஒப்பிடுங்கள். கட்டைவிரல் வேண்டாம், அதன் சொந்தத் துடிப்பு குழப்பும்.

• குதிகாலை மட்டும் ஊன்றிச் சில அடிகள், பிறகு நுனிவிரலில் சில அடிகள் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் முடியவில்லை என்றால் கால் நரம்பிலோ, இடுப்பில் அது புறப்படும் இடத்திலோ கோளாறு இருக்கலாம். கட்டைவிரலைத் தூக்க முடியாமற்போவது இடுப்பு வட்டு பிதுங்கியதன் அடையாளமாகவும் இருக்கக்கூடும்.

• முன்னங்கால் எலும்பின் மேல் சில விநாடி அழுத்துங்கள். குழி விழுந்து நிற்கிறதா?

• உள்கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்திருக்கிறதா, புறங்காலில் முடி உதிர்ந்து தோல் பளபளக்கிறதா என்று கவனியுங்கள். முன்னது சிரைக் கோளாறையும் பின்னது தமனிக் கோளாறையும் காட்டலாம்.

• சர்க்கரைநோயாளிகள் தினமும் படுக்கப்போகும் முன் விரலிடுக்கு உட்பட முழுப் பாதத்தையும் பாருங்கள். பார்வை மங்கியவர்கள் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு காலை முறையாகப் பரிசோதிக்க ஸ்கேன் தேவையில்லை. இரண்டு விரல், ஒரு இசைக்கவை, தொடுவுணர்வு பார்க்க ஒரு நைலான் இழை, சில நிமிடங்கள் போதும். நம் ஊரில் பல கிளினிக்குகளில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறோம். வெறுங்காலோடு மருத்துவர் எதிரே உட்கார்ந்து, சர்க்கரை அளவையும் பிரஷரையும் மட்டும் காட்டிவிட்டு, காலை நாற்காலிக்கடியில் மடித்து வைத்தபடியே எழுந்து வந்துவிடுகிறோம். அடுத்த முறை மருந்துச்சீட்டை வாங்கும் முன், 'டாக்டர், கொஞ்சம் காலையும் பாருங்க' என்று நீங்களாகவே நீட்டிவிடுங்கள்.